முருகைத் தொட்டிக்கு எந்த லைட்? முல்லைத்தீவு வாசகிக்கு ஒரு பதில்

கடிதத்தின் சுருக்கம்

முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து ஒரு விஞ்ஞான ஆசிரியை எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வீடு கடற்கரையிலிருந்து சில கிலோமீற்றர் உள்ளே. கணவர் வெல்டிங் கடை வைத்திருக்கிறார். மகள் தரம் பத்தில் படிக்கிறாள். முன் அறையில் மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி ஏழு மாதமாக ஓடுகிறது. இரண்டு கோமாளி மீன்களும், சங்குக்குள் குடியிருக்கும் சில நண்டுகளும் நன்றாக இருக்கின்றன. அடுத்ததாக முருகை (பவள உயிர்) வளர்க்க ஆசை. தன் மாணவர்களில் பலர் கடற்றொழில் செய்யும் வீடுகளிலிருந்து வருகிறவர்கள், ஆனாலும் உயிருள்ள முருகையை ஒருவரும் கிட்ட நின்று பார்த்ததில்லை என்று எழுதுகிறார்.

இப்போது தொட்டியின் மேல் இருப்பது வீட்டுக்குப் போடும் இரண்டு எல்ஈடி ரியூப். முருகைக்கு இது போதாது என்று கேள்விப்பட்டு விசாரித்ததில் மூன்று வழிகள் வந்திருக்கின்றன. ஊர் ஹாட்வெயார் கடையில் 100 வோட் எல்ஈடி ஃபிளட் லைட் மலிவாகக் கிடைக்கிறது. கொழும்பில் ஒருவர் 250 வோட் மெற்றல் ஹேலைட் விளக்கை ஸ்டாண்டோடு விற்கிறார். ரொறன்ரோவிலிருக்கும் தம்பி, முருகைத் தொட்டிக்கென்றே செய்த பாவித்த எல்ஈடி லைட் இரண்டை வாங்கி, ஆகஸ்டில் வரும்போது கொண்டுவருகிறேன் என்கிறார்.

“முல்லைத்தீவுக் கடலில் அடிக்கிற வெயில் எவ்வளவு! அதே வெளிச்சத்தை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாமா? ஆகக் கூடிய வெளிச்சம் தருவது எது என்று சொல்லுங்கள், அதையே வாங்குகிறேன். தொட்டியை ஜன்னலோரம் நகர்த்தினால் செலவு மிஞ்சுமா? மாமா ஒருவர் வலையில் வரும் கலர்க் கற்களைத் தருகிறேன் என்கிறார், அவற்றை வைக்கலாமா?” என்று கேட்கிறார். சித்திரை மாதத்தில் தொட்டி நீர் காலையில் 29 பாகை, பின்னேரம் 31.5 பாகை என்று அளந்தும் எழுதியிருக்கிறார். கடைசி வரி: “இவர் இதை வீண் செலவு என்கிறார். கரண்ட் பில்லைப் பார்த்தால் எனக்கும் பயமாக இருக்கிறது.”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிக உதவியது அந்தக் கடைசி அளவீடு. லைட் பற்றிக் கேட்கிறவர்கள் தொட்டியின் நீள அகலத்தைச் சொல்வார்கள், பட்ஜெட்டைச் சொல்வார்கள். வெப்பநிலையை யாரும் சொல்வதில்லை. நீங்கள் காலையும் பின்னேரமும் அளந்திருக்கிறீர்கள். வன்னியில் ஒரு முருகைத் தொட்டிக்கு எந்த லைட் சரி என்பதைத் தீர்மானிப்பது அந்த 31.5 பாகைதான். அதனால் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆகக் கூடிய வெளிச்சத்தைத் தேடாதீர்கள். நீங்கள் வைக்கப்போகும் உயிருக்குப் போதுமான, கூட்டிக் குறைக்கக்கூடிய, தண்ணீரைச் சூடாக்காத வெளிச்சத்தைத் தேடுங்கள். தம்பி கொண்டுவரும் லைட் அதற்குப் பொருந்தும், ஆனால் சில நிபந்தனைகளோடு. அதை வாங்குவதற்கு முன்னரே தொட்டியின் சூட்டைக் குறைக்க வேண்டும்.

முதலில் எந்த உயிர், அப்புறம்தான் எந்த லைட்

உங்களுக்கு இது தெரிந்த விஷயம்தான், ஆனாலும் லைட்டோடு சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. முருகை ஒரு விலங்கு. அதன் உடலுக்குள் வாழும் நுண்ணிய அல்கா (பாசி) ஒளித்தொகுப்பு செய்து, தான் உண்டாக்கும் உணவில் பெரும்பங்கை முருகைக்குக் கொடுக்கிறது. நாம் லைட் வாங்குவது இந்த அல்காவுக்காக. அது 400 முதல் 500 நானோமீற்றர் வரையான நீல ஒளியை நன்றாக உறிஞ்சும். கடல்நீர் சிவப்பு ஒளியை முதல் சில மீற்றர்களுக்குள்ளேயே வடிகட்டிவிடுவதால், ஆழத்தில் வாழும் முருகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் நீலம். முருகைத் தொட்டி லைட்டுகள் நீலமாக எரிவதற்குக் காரணம் இதுதான். அழகுக்காக மட்டும் அப்படிச் செய்வதில்லை.

இனி வெயிலுக்கு வருவோம். ஒளித்தொகுப்புக்குப் பயன்படும் ஒளியை ‘பார்’ என்ற அளவால் குறிக்கிறார்கள். ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஒரு செக்கனுக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளித்துகள்கள் விழுகின்றன என்பது கணக்கு. நடுப்பகல் வெயிலில் கடல் மேற்பரப்பில் இது கிட்டத்தட்ட 2000. ஆனால் முருகை மேற்பரப்பில் இருப்பதில்லை. தண்ணீர் ஆழமாக ஆக, கலங்கலாக ஆக, இந்த எண் வேகமாகக் குறையும். அதோடு வெயில் உச்சியில் நிற்பது சிறிது நேரம்தான். தொட்டியில், கல் போன்ற எலும்புக்கூடு இல்லாத மென் முருகைக்கும் காளான் முருகைக்கும் 50 முதல் 150 வரை போதும். தடித்த சதையுள்ள பெரிய வாய் வன் முருகைகளுக்கு ஏறத்தாழ 75 முதல் 200. அக்ரோபோரா போன்ற கிளைவிடும் வன் முருகைகள்தான் 200க்கு மேல், 350 வரை கேட்கும். ஆகவே கடலின் வெயிலை அப்படியே கொண்டுவருகிறேன் என்று இறங்கினால், நீங்கள் ஆசைப்படும் உயிர்களில் பாதி எரிந்துபோகும்.

உங்களுக்கு முதல் ஒன்றரை, இரண்டு வருடத்துக்கு நான் சொல்வது மென் முருகை மட்டும். டிஸ்கோசோமா எனும் காளான் வகை, சார்கோஃபைட்டன், சினுலேரியா எனும் தோல் வகைகள், சோவாந்தஸ். இவை கொஞ்சம் முன்பின்னான தண்ணீரையும் பொறுக்கும், வெளிச்சம் குறைந்தாலும் பொறுக்கும். பிள்ளைகளுக்குக் காட்டவும் இவையே நல்லவை: தொட்டால் சுருங்கும், சற்று நேரத்தில் விரியும், அசையும். விலங்கு என்று சொன்னால் உடனே நம்புவார்கள். சோவாந்தஸிலும் அதன் உறவான பாலித்தோவாவிலும் பாலிரொக்சின் என்ற கடும் நச்சு இருக்கக்கூடும். அவற்றைத் தொடும்போது கையுறை போடுங்கள். அவை ஒட்டிய கல்லை எந்தக் காரணத்துக்காகவும் வெந்நீரில் போடவோ அவிக்கவோ கூடாது. வகுப்புப் பிள்ளைகள் வரும் வீடு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சூடும் வெளிச்சமும் சேரும்போது

முருகை வெளிறுவதைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். 1998இலும் 2016இலும் கடல் சூடேறியபோது இலங்கைக் கரையோரத்து முருகைகள் பெருமளவில் வெளிறின. அதற்குச் சூடு மட்டும் காரணமல்ல. தண்ணீர் அளவுக்கு மிஞ்சிச் சூடாகும்போது அல்காவின் ஒளித்தொகுப்பு தடுமாறுகிறது. ஆனால் ஒளி வந்து விழுந்துகொண்டே இருக்கிறது. பிடித்த ஒளியைச் செலவழிக்க வழியில்லாமல் ஒட்சிசனின் நச்சு வடிவங்கள் உண்டாகின்றன. முருகை தன்னைக் காத்துக்கொள்ள அல்காவையே வெளியே தள்ளிவிடுகிறது. நிறம் போகிறது, உணவும் போகிறது. அதாவது 26 பாகையில் ஒரு முருகைக்கு அளவாக இருக்கும் வெளிச்சம், 31 பாகையில் அதே முருகைக்கு நஞ்சாகிவிடும்.

குளிர் நாட்டில் தொட்டி வைத்திருப்பவர் எழுதும் ஆலோசனையை வன்னியில் அப்படியே எடுக்க முடியாதது இதனால்தான். அவருக்குத் தண்ணீரைச் சூடாக்கும் ஹீற்றர் தேவை. வெளிச்சத்தை அவர் தாராளமாகக் கூட்டலாம். உங்களுக்கு நிலைமை தலைகீழ்.

முருகைத் தொட்டிக்கு 25 முதல் 27 பாகை நல்லது. ஏறி இறங்காமல் ஒரே சீராக இருந்தால் 28ஐ மென் முருகை தாங்கும். உங்கள் தொட்டியை அந்த அளவுக்கு இறக்கப் பெரிய இயந்திரம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு, மீன் பாயாமல் நுண்வலை போட்டு, நீர்ப்பரப்பின் மேல் சாய்வாக ஒன்றிரண்டு சிறிய மின்விசிறி பூட்டுங்கள். ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 0.67 அலகு மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தைத் தொட்டியிலிருந்து எடுத்துப்போகிறது. இரண்டு மூன்று பாகை இறங்குவது சாதாரணம். சோளகம் வீசும் உலர்ந்த மாதங்களில் இது மிக நன்றாக வேலை செய்யும். மாரியில் காற்று ஈரமாக இருக்கும்போது சரியாக வேலை செய்யாது, ஆனால் அப்போது சூடும் குறைவு. சிரமமான காலம் பங்குனி, சித்திரை: வெக்கை, புழுக்கம், காற்றும் அசையாது. அந்த இரண்டு மாதத்துக்கு லைட்டின் அளவைக் கால்வாசி, மூன்றிலொரு பங்கு குறைத்துவிடுங்கள். குறைக்க முடிகிற லைட் வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுதான் முதற்காரணம்.

ஆவியானதை ஈடுசெய்ய ஊற்றும் தண்ணீர் உப்பில்லாததாக இருக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். வன்னிக் கிணறுகளின் நீர் பெரும்பாலும் வன்னீர். நாள்தோறும் ஊற்றினால் அதில் கரைந்துள்ள உப்புகள் தொட்டியிலேயே சேர்ந்துகொண்டு போகும். இப்போது ஊர்களில் குடிநீருக்கென்று விற்கும், ஆர்ஓ முறையில் சுத்திகரித்த தண்ணீரே போதும்.

லைட் எரியும் நேரத்தையும் மாற்றுங்கள். காலை ஏழு மணிக்குப் போட்டு மாலையில் அணைக்க வேண்டிய அவசியம் இல்லை. பிற்பகல் இரண்டு மணிக்குப் போட்டு இரவு பதினொரு மணிக்கு அணைத்தால் ஒன்பது மணித்தியாலம். பாதிக்கு மேல் வெயில் தாழ்ந்த நேரத்தில் வரும். நீங்கள் பாடசாலை முடிந்து வீட்டில் இருக்கும் நேரமும் அதுதான். முருகைக்குத் தேவை ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் பகலும் இரவும் வருவது.

இதோடு ஜன்னல் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடுகிறது. வேண்டாம். ஜன்னல் வெயில் தொட்டியைச் சூடாக்கும், கண்ணாடியில் பாசி பிடிக்க வைக்கும், சித்திரையில் அதைக் குறைக்க சுவிச்சும் கிடையாது.

மூன்று வழிகளையும் பார்ப்போம்

மெற்றல் ஹேலைட்டை முதலில் கழித்துவிடுகிறேன். ஒரு காலத்தில் முருகைத் தொட்டிக்கு அதை மிஞ்சிய விளக்கு இருக்கவில்லை. வெளிச்சம் ஆழமாக இறங்கும், தண்ணீரில் அலையலையாக மினுங்கும். ஆனால் 250 வோட் பல்ப் எரிய, அதை எரியவைக்கும் பலாஸ்ட் பெட்டி இழுப்பதையும் சேர்த்துக் கிட்டத்தட்ட 280 வோட் போகும். அந்தச் சூடு முழுவதும் உங்கள் முன் அறைக்குள் இறங்கும். பல்பை ஏறத்தாழ ஆண்டுக்கொருமுறை மாற்ற வேண்டும், அந்த பல்பைத் தேடிப் பிடிப்பதும் இனி வரவரக் கஷ்டம். விற்பவர் மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஹாட்வெயார் கடை ஃபிளட் லைட்டை நான் இலேசாகத் தள்ளிவிட மாட்டேன். வெள்ளை எல்ஈடி என்பது 450 நானோமீற்றர் அளவில் எரியும் நீலச் சில்லின் (சிப்) மேல் பொஸ்பரம் என்ற மஞ்சள் ஒளிர்பொருள் பூசியதுதான். எனவே அதற்குள் முருகைக்குத் தேவையான நீலம் இருக்கிறது. காளான் முருகையும் தோல் முருகையும் அதன் கீழ் உயிரோடு இருக்கும், வளரவும் செய்யும். குறைகள் வேறு இடத்தில். கூட்டிக் குறைக்க முடியாது. மூன்றடித் தொட்டியில் நடுவில் கொட்டும், இரண்டு ஓரமும் இருட்டு. முருகையின் நிறம் மங்கித் தெரியும், ஏனென்றால் அந்தப் பச்சையும் செம்மஞ்சளும் நீல ஒளி பட்டுத்தான் மினுங்கும். உப்புக் காற்றில் மலிவான உறை கெதியில் துருப்பிடிக்கும். தம்பி வருவதற்குள் ஒரு காளான் முருகை வைக்க ஆசையாக இருந்தால், 30 வோட் ஃபிளட் லைட் இரண்டை இரு பக்கமும் ஒரு முழம் உயரத்தில் கட்டித் தொடங்கலாம். 100 வோட் ஒன்று வேண்டாம்.

தம்பியின் எல்ஈடி, மூன்றிலும் சிறந்தது. வெள்ளைக்கும் நீலத்துக்கும் தனித்தனிக் கட்டுப்பாடு இருக்கும். சதவீதக் கணக்கில் கூட்டலாம், குறைக்கலாம். சூடு பெரும்பாலும் மேல்பக்கம் விசிறியால் வெளியேறும். சதுரமான ஒரு லைட் பொதுவாக இரண்டடிக்கு இரண்டடி பரப்பை மூடும். உங்களுக்கு மூன்றடி நீளம் என்பதால் இரண்டு வேண்டும் என்று தம்பி கணக்குப் போட்டது சரி.

நீங்கள் கேட்காத நாலாவது வழி ஒன்றையும் சொல்கிறேன். சீனாவிலிருந்து பெயரில்லாமல் வரும் நீளமான கறுப்புப் பெட்டி எல்ஈடி. 165 வோட் என்று அச்சிட்டிருப்பார்கள், உண்மையில் இழுப்பது அதைவிடக் குறைவு. வெள்ளைக்கு ஒரு குமிழ், நீலத்துக்கு ஒரு குமிழ், உள்ளே இரண்டு விசிறி, எல்ஈடிக்கு மின் கொடுக்கும் இரண்டு டிரைவர், அவ்வளவுதான். செயலியும் இல்லை, இணையமும் தேவையில்லை. விசிறி போனாலும் டிரைவர் போனாலும் ரேடியோ திருத்தும் கடையிலேயே மாற்றலாம். கனடா லைட்டின் சேர்க்கிட் பழுதானால் அதை இங்கே திருத்த ஆள் கிடைப்பது கடினம். தம்பியின் லைட் ஏதோ காரணத்தால் கைகூடாவிட்டால் மனம் தளர வேண்டாம், மென் முருகைக்கு இந்தக் கறுப்புப் பெட்டி தாராளம். உங்கள் இடத்தில் நான் இருந்தால், இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இருந்தால், இதையே எடுத்து மிச்சக் காசை விசிறிக்கும் பற்றரிக் காற்றுப் பம்புக்கும் போடுவேன்.

எந்த லைட் வந்தாலும் முதல் நாளே முழு வெளிச்சம் போடாதீர்கள். முப்பது சதவீதத்தில் தொடங்கி வாரம் ஐந்து சதவீதமாகக் கூட்டுங்கள். பார் அளக்கும் கருவி விலை கூடியது, வாங்கத் தேவையில்லை. ஃபோனில் லக்ஸ் அளக்கும் செயலி நீல ஒளியைச் சரியாக எண்ணாது, அதை நம்பவும் வேண்டாம். முருகையே சொல்லும். காம்பை நீட்டி மேலே எட்டினால் வெளிச்சம் போதாது. சுருங்கியே கிடந்தால், ஓரம் மடிந்தால், நிறம் வெளுத்தால் வெளிச்சம் கூடிவிட்டது. அப்போது லைட்டைக் குறையுங்கள், அல்லது முருகையைக் கீழே இறக்குங்கள். தொட்டிக்குள் ஒரு சாண் கீழே இறக்குவதே பெரிய மாற்றம்.

கரண்ட் பில்

உங்கள் கணவரின் கவலை நியாயமானது. அவருக்குக் கணக்கைக் காட்டுங்கள். இரண்டு லைட்டும் சேர்ந்து சராசரி 60 வோட் இழுத்து ஒன்பது மணித்தியாலம் எரிந்தால் மாதம் 16 அலகு. மெற்றல் ஹேலைட் அதே நேரத்துக்கு 75 அலகு. இரண்டு சிறிய விசிறி சேர்ந்து 10 வோட் என்றால், நாள் முழுக்க ஓடினாலும் 7 அலகு. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் 180 வோட் இழுத்து அரை நாள் ஓடினால் 65 அலகு. தண்ணீர் சுற்றும் மோட்டர் 30 வோட் என்றாலும் இருபத்துநான்கு மணித்தியாலமும் ஓடுவதால் மாதம் 21 அலகுக்கு மேல். அதாவது லைட்டைவிட மோட்டர் கூடுதலாகச் செலவழிக்கிறது! செலவைக் குறைக்க நினைத்தால் மோட்டரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வீட்டு மின்சாரக் கட்டணத்தில், மாதம் 60 அலகைத் தாண்டாத வீட்டுக்கு ஒரு விலை, தாண்டிய வீட்டுக்கு வேறு விலை. அதன் பிறகும் 90, 120, 180 என்று படிப்படியாக ஏறும். பழைய பில்களை எடுத்து நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். ஒரு படியின் விளிம்பில் நிற்கும் வீட்டுக்குப் பதினாறு அலகும் பெரிதுதான். அப்படியானால் லைட் நேரத்தை எட்டு மணித்தியாலமாக்குங்கள். மென் முருகைக்கு அதனால் குறை வராது.

அவரிடம் கேட்க வேண்டிய உதவியும் ஒன்று இருக்கிறது. லைட்டைத் தொங்கவிடும் சட்டத்தை அவர் கையாலேயே செய்யட்டும். நீர்ப்பரப்பிலிருந்து 20 முதல் 30 சென்ரிமீற்றர் உயரத்தில் லைட் நிற்க வேண்டும். ஏற்றி இறக்கக்கூடியதாக இருந்தால் இன்னும் நல்லது. இரும்பு வேண்டாம், துரு தண்ணீருக்குள் விழும். அலுமினியம் அல்லது நல்ல துருப்பிடிக்காத எஃகு.

மின்சாரப் பாதுகாப்பு

உப்புத் தண்ணீருக்கு நேர்மேலே மின்சாரம் தொங்குகிறது. வீட்டில் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிச் இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் உடனே விழுகிறதா, ஏர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று ஒரு வயரிங்காரரை வைத்துப் பாருங்கள். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். பிளக்குக்குப் போகும் வயர் முதலில் பிளக்கைவிடத் தாழ்வாகத் தொங்கி, அப்புறம் மேலே ஏறட்டும். வழிந்து வரும் தண்ணீர் பிளக்குக்குள் போகாது. தொட்டிக்குள் கையை விடும்போது எல்லாவற்றையும் அணையுங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி மின்னல் தொடங்கினால் லைட்டின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். வெளிச்சம் ஓரிரு நாள் இல்லாமல் முருகை இருக்கும். தண்ணீர் சுற்றாமல் மீன் சில மணித்தியாலத்திலேயே திணறும், சூடான நீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும் என்பதால் இன்னும் கெதியில். கரண்ட் போகும் நாளுக்குப் பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று கட்டாயம் வேண்டும்.

மாமாவின் வலையில் வரும் கற்கள்

இதைச் சொல்ல எனக்கும் சங்கடமாக இருக்கிறது, ஏனென்றால் உங்கள் மாமா அன்பாகத்தான் தருகிறேன் என்கிறார். ஆனால் வாங்காதீர்கள், அந்தக் கலர்க் கற்கள் பெரும்பாலும் முருகையாகத்தான் இருக்கும். இலங்கையில் வன் முருகைகள் 1937ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ், அதன் பிந்திய திருத்தங்களோடு, பாதுகாக்கப்பட்டவை. கரையோர வலயத்தில் முருகைக்கல் எடுப்பதைக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் 1988ஆம் ஆண்டுத் திருத்தம் தடை செய்கிறது. “நாங்கள் பிடுங்கவில்லை, வலையில்தானே வந்தது” என்ற விளக்கம் உங்களைக் காப்பாற்றும் என்று நம்பியிருக்க முடியாது. வீட்டில் வைத்திருப்பதே பிரச்சினையாகலாம். நீங்கள் அரசாங்க ஆசிரியை, அவர் கடற்றொழில் அனுமதியோடு தொழில் செய்பவர். இருவருக்கும் இழக்க நிறைய இருக்கிறது. உயிருள்ள கல் வலையில் வந்தால் உடனே அந்த இடத்திலேயே கடலில் விடச் சொல்லுங்கள்.

சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், வலையில் இழுபட்டுக் காயப்பட்ட முருகை தொட்டியில் பிழைப்பது அரிது. அழுகத் தொடங்கினால் உங்கள் கோமாளி மீன்களும் போய்விடும்.

முருகையை அனுமதிப்பத்திரம் உள்ள விற்பனையாளரிடம், பில்லோடு மட்டும் வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தது என்றால் இறக்குமதி அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள். வன் முருகைகள் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் இருக்கின்றன. மென் முருகையில் எந்த இனம் வைக்கலாம் என்பதை வாங்கும் முன் மாவட்டக் கடற்றொழில் திணைக்கள அலுவலகத்தில் இனப்பெயரோடு எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்திருங்கள். இன்னொருவரின் தொட்டியில் வளர்ந்து வெட்டிப் பிரித்த துண்டாகக் கிடைத்தால் அதுவே எல்லாவற்றிலும் நல்லது, தொட்டி வாழ்வுக்கு அது ஏற்கெனவே பழகியிருக்கும். தம்பியிடம் லைட்டோடு சேர்த்து ஒரு சின்ன முருகைத் துண்டும் கொண்டுவரச் சொல்லும் யோசனை வந்தால், அதை மட்டும் செய்ய வேண்டாம்.

தம்பியிடம் கேட்க வேண்டியவை

அவர் காசு கொடுப்பதற்கு முன், லைட்டின் மின்வழங்கிப் பெட்டியில் ஒட்டியிருக்கும் லேபலைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ‘100–240 வோல்ட், 50/60 ஹேர்ட்ஸ்’ என்று இருந்தால் இங்கே அப்படியே ஓடும், பிளக் முனை மட்டும் மாற்ற வேண்டும். ‘120 வோல்ட்’ என்று மட்டும் இருந்தால் நமது 230 வோல்ட்டில் போட்ட உடனேயே கருகிவிடும், வாங்க வேண்டாம்.

இணையம் இல்லாமலும் ஃபோன் இல்லாமலும் லைட் தன் நேர அட்டவணைப்படி எரியுமா என்று விற்பவரிடம் கேட்கட்டும். கரண்ட் போய் வந்தால் பழைய அளவிலேயே எரிகிறதா, அல்லது நூறு சதவீதத்துக்குத் தாவுகிறதா என்பதை அங்கேயே பிளக்கைக் கழற்றிப் போட்டுப் பார்க்கட்டும். உங்கள் ஊரில் இந்தச் சோதனை மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். நீங்கள் பாடசாலையில் இருக்கும்போது சித்திரை வெக்கையில் லைட் முழு அளவில் எரிந்தால், பின்னேரம் வந்து பார்க்கும்போது தாமதமாகியிருக்கும்.

விசிறி சத்தமில்லாமல் சுற்றுகிறதா, திருகாணிகளில் பச்சைப் பூஞ்சணம் போல உப்பரிப்பு இருக்கிறதா, எல்லாச் சில்லுகளும் எரிகின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சுங்கத் தீர்வை வருமா என்பதைப் புறப்படும் முன்னரே விசாரிக்கட்டும். முடிந்தால் அதே மாதிரி விசிறி இரண்டை மேலதிகமாகக் கொண்டுவரட்டும்.

ஆகஸ்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அதுவரை விசிறி பூட்டி, இப்போது செய்வதுபோலவே காலையும் பின்னேரமும் வெப்பநிலையை எழுதி வாருங்கள். பின்னேர எண் ஒரு மாதம் முழுவதும் 28ஐத் தாண்டவில்லை என்றால் தம்பிக்கு ‘சரி, வாங்கு’ என்று சொல்லலாம். தாண்டினால் அந்தக் குறிப்புகளை எனக்கு அனுப்புங்கள். அறையின் கூரை என்ன, ஓடா தகரமா, தொட்டி எந்தச் சுவரோரம் நிற்கிறது என்பதையும் எழுதுங்கள். சில்லர் பற்றிப் பேசும் முன் இடத்தை மாற்றிப் பார்க்கலாமா என்று யோசிப்போம்.